காரணம் என்ற கட்டம்

ஆகஸ்ட் மூடுபனியில்
செத்த சீல் குட்டிகளை எண்ணுவது என் வேலை.
கழியால் புரட்டிப் பார்ப்பேன்.
ஒன்றையே இருமுறை எண்ணிவிடாதிருக்க
முதுகில் ஓர் ஆரஞ்சுப் பொட்டு.
படிவத்தின் கடைசிக் கட்டம்: காரணம்.
பட்டினி, மிதிபட்டது, கிருமி, வலை.
அவற்றின் கீழே, எல்லாவற்றையும்விட அகலமாக,
தெரியவில்லை.

மரமே இல்லாத தீவு இது.
பெரிங் கடலின் காற்று சாய்ந்துகொள்ள
எங்களைத் தவிர யாருமில்லை.

மார்ச்சில் ஏரி உறைந்திருந்தபோது
துளை போட வந்தார்கள்.
குழாய்களை என் வண்டியில்தான் ஏற்றினேன்,
மணிக்கு இருபத்திரண்டு டாலர்.
பனிக்கட்டிக்கு அடியிலிருந்து
சேற்றை முழம் முழமாக உருவினார்கள்.
ரோவெனா கையுறையைக் கழற்றி
ஒரு கறுப்புக் கோட்டில் விரல் வைத்தாள்.
சாணத்தில் முளைக்கும் பூஞ்சையின் வித்துகள்:
இதுவரை கம்பளி யானைகள் இருக்கின்றன.
விரலை ஒரு நெல்லளவு மேலே நகர்த்தினாள்.
இங்கே இல்லை.

கடல் ஏறியது, தீவு சுருங்கியது,
மழை குறைந்து ஏரி குட்டையானது.
தாகத்தோடு வந்து நின்ற யானைகள்
கரையை மிதித்துப் புல்லைத் தேய்த்து
தாம் குடிக்க வேண்டிய தண்ணீரைத்
தாமே கலக்கின.
ஐயாயிரத்து அறுநூறு வருடம் ஆகிறதாம்.
அப்போது இந்தத் தீவில்
ஒரு மனிதக் காலடி இருந்ததற்கு அடையாளமில்லை.

"அப்படியானால் நாங்கள் இல்லை"
என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
ரோவெனா சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை என்பதைக்
கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தாள்.

அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.
உனங்கன் ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்து
இங்கே இறக்கியதே சீல் அடிக்கத்தான்.
கழி எங்கள் கையில்,
கணக்குப் புத்தகம் வேறு கையில்,
தோல் போர்த்திய தோள்களை நாங்கள் கண்டதேயில்லை.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதே கடலின் மேற்கு ஓரத்தில்
கடற்பசு என்றொன்று மேய்ந்தது.
கப்பல்காரர்கள் அதைக் கண்டுபிடித்ததிலிருந்து
இருபத்தேழு வருடம், அவ்வளவுதான்.
ஏற்கெனவே அருகிப்போயிருந்தது,
எப்படியும் போயிருக்கும் என்கிறார்கள்.
எப்படியும் சாகப்போகிறவனைக் கொன்றவனுக்கு
எந்த ஊர் நீதிபதி
பாதித் தண்டனை கொடுத்திருக்கிறார்?

போன வாரம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம்.
வருடா வருடம் சீல் குறைகிறது, ஏன்?
மீன் கம்பெனிக்காரர் சூடேறும் கடலைக் காட்டினார்.
இன்னொருவர் ஓர்க்கா திமிங்கிலத்தைக் காட்டினார்.
திமிங்கிலத்துக்கு அழைப்பு போகவில்லை.
கடலுக்கு அடுப்பு மூட்டியது யார் என்பது
நிகழ்ச்சி நிரலில் இல்லை.
பொல்லாக் மீன் வெட்டும் ஆலையில் வேலை பார்க்கும்
என் தம்பி இன்னோகென்டி
எல்லோருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான்,
எனக்கு இரண்டு முறை.

நேற்று உயிரோடு ஒன்றைப் பார்த்தேன்.
மீன்பெட்டி கட்டும் வெள்ளை நாடா
கழுத்தைச் சுற்றி.
கழுத்து வளர்ந்திருக்கிறது, நாடா வளரவில்லை.
இரண்டு பேர் பிடித்துக்கொள்ள நான் வெட்டினேன்.
விடுபட்டதும் என் பூட்ஸைக் கடித்துவிட்டுப் போனது.
நியாயம்தான்.
நாடாவில் பாதி அழிந்த ஓர் எண்.
இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.
காரணம் தெரிந்த ஒரே உயிர்.
அதுவோ சாகவில்லை, படிவத்தில் அதற்கு இடமில்லை.

இன்று நானூற்றுப் பதினேழாவது குட்டி.
விலா எலும்புகளை எண்ணலாம்.
தாய் இரை தேடிப்போய்
வழக்கத்தைவிடத் தூரம் போயிருக்கலாம்,
திரும்பாமலே இருந்திருக்கலாம்.
பட்டினி என்று எழுதினேன்.
ஈரத்தாளில் பென்சில் இழுத்தது.
யாருடைய பட்டினி, யாரால்,
எழுத இடமிருக்குமா என்று
தாளைத் திருப்பினேன்.

பின்பக்கம் முழுக்கக் காலி.
பனி அதை ஏற்கெனவே நனைத்திருந்தது.